சாக்குக்கு அடியில் ஒரு கடல்

போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் இப்ராஹிம் தன் வீட்டுக் கூடத்தில், ஆள் நீளக் கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் திருதிருவென விழித்துக்கொண்டு நிற்கிறார். கீழக்கரையில் பிறந்த மனைவி கமர்நிசா கடலை நினைத்து ஏங்குகிறாளே என்று, மண்டபம் கடற்கரையிலிருந்து லாரியில் கடல் தண்ணீரும் பவளப் பாறையும் ஏற்றிவந்து அவரே கட்டிய தொட்டி அது. மேலே நான்கு டியூப் லைட்டுகள் எரிகின்றன. ரப்பர் குழாய் ஓயாமல் குமிழி விடுகிறது. பாறையில் ஒட்டி, பூப்போல விரல் விரிக்கும் கடற்பூ என்ற உயிர் மட்டும் இறுக மூடி, வெளுத்துக் கிடக்கிறது. "இது பட்டுப்போச்சுன்னா நான் ஊருக்குக் கிளம்பிருவேன்" என்று காலையில் அவள் சொன்னது விளையாட்டுக்கா, நிஜத்துக்கா? அதுவும் விளங்கவில்லை. ஏலச்செடி வெளுத்தால் வெயில் கூடிவிட்டது என்று மலையில் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் விளக்குக்கும் தண்ணீருக்கும் நடுவே ஏலக்காய்ச் சாக்கை விரித்து நிழல் கட்டினார். பூ இன்னும் வெளுத்தது. இன்னொரு சாக்கையும் விரித்தார். அடுப்படியிலிருந்து வந்த கமர்நிசா அதைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைக்கிறாள். "ஏன் மச்சான், கடலுக்கு யாரு பந்தல் போட்டா?" இரண்டு சாக்கையும் உருவிப் போடுகிறாள். வெளிச்சம் தண்ணீருக்குள் இறங்கிச் சுவரிலும் அவள் முக்காட்டிலும் நெளிகிறது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பூ ஒரு விரலை நீட்டுகிறது, அப்புறம் இன்னொன்று. இப்ராஹிம் பூரித்துப்போய்த் திரும்புகிறார். கமர்நிசாவின் கன்னத்தில் கண்ணீர் வழிகிறது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கை தானாகச் சுவிட்சுக்குப் போகிறது. "வெளிச்சம் கூடிப்போச்சா, புள்ளே?" "இருக்கட்டும் மச்சான், அணைச்சிராதீங்க" என்கிறாள் அவள்.