கடிக்கிற பிள்ளை

அஞ்சுகம் நன்றாகப் பாடினால், அது தன் வளர்ப்பு என்பாள் அவளைத் தத்தெடுத்த சௌந்தரி. அடம்பிடித்தால், பெற்றவள் எவளோ, அவளுடைய ரத்தம் என்பாள். பிறகு சௌந்தரியின் வயிற்றிலும் ஒரு மகன் பிறந்தான். மூன்று வயதில் அவன் எதிர்வீட்டுக் குழந்தையின் கன்னத்தைக் கடித்து வைத்தான்.

"எல்லாம் இவகிட்ட கத்துக்கிட்டது" என்றாள் சௌந்தரி.

அஞ்சுகம் யாரையும் கடித்ததில்லை. "நான் கடிக்க மாட்டேம்மா" என்று வாயைத் திறந்து காட்டினாள்.

"பாருங்கண்ணே, எப்படிப் பல்லக் காட்டுறா!"

சௌந்தரியின் அண்ணன் சிரித்துக்கொண்டே தம் தோளிலிருந்த பழைய வடுவைத் தடவினார். "சின்ன வயசுல நீ கடிச்சதும்மா இது. நீ யாரப் பாத்துக் கத்துக்கிட்ட?"

சௌந்தரி அந்த வாரமே அஞ்சுகத்தை ஒரு விடுதியில் கொண்டுபோய் விட்டாள். "கடிப்பா, பாத்துக்குங்க" என்று அவள் காப்பாளரிடம் சொன்னது கூடத்திலிருந்த பிள்ளைகள் அனைவருக்கும் கேட்டது.

அன்று முதல் அஞ்சுகத்தின் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் சாப்பிடவில்லை. ஒருநாள் துணிச்சல்காரி ஒருத்தி வந்து அவள் வாயருகே கையை நீட்டினாள்.

"எங்கடி, கடி பாப்போம்!"

சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். விடுதிக்கு வந்தபின் அவ்வளவு அருகில் யாரும் வந்ததில்லை. அஞ்சுகம் அந்தக் கையைத் தன் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். முதன்முறையாக அவள் பற்கள் தினவெடுத்தன.