தலைசுற்றலை வாங்கிக்கொண்டவன்

பூங்கா வாசலில் இரண்டு கைப்பட்டைகள் கொடுத்தார்கள். ஒன்றைக் கட்டியவரின் தலைசுற்றல், மற்றதைக் கட்டியவருக்கு அப்படியே போய்விடும்.

"எங்கிட்ட குடு. எல்லாம் உன் மனப்பிரமைதான்," என்று வாங்கிக் கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான் முத்தழகு. கொடைக்கானலில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்கு மலைப்பாதையில் போகும்போதெல்லாம் மனைவி அங்கயற்கண்ணி வாந்தி எடுப்பதை நடிப்பு என்று கேலி செய்பவன் அவன்.

மற்ற பட்டையைக் கட்டிக்கொண்டு அங்கயற்கண்ணி ஏறிய ராட்சத ராட்டினம் உச்சிக்குப் போனது. அவளுக்கு வயிறு புரளவில்லை. மேலே இருந்து ஊர் இப்படித்தான் இருக்குமா என்று முதல்முறையாகக் கண்களை அகலத் திறந்து பார்த்தாள். தூரத்தில் கடல்கூடத் தெரிந்தது.

இறங்கி வந்தபோது முத்தழகு பெஞ்சைக் கட்டிப்பிடித்துப் படுத்திருந்தான். சட்டையெல்லாம் வாந்தி.

"ஏங்க, ரொம்ப சுத்துதா?"

"மலையில ஒவ்வொரு வளைவுலயும் இப்படித்தான் இருந்துச்சா உனக்கு?"

"இதைவிட மோசம்."

"வண்டிய நிறுத்துங்கன்னு அழுவியே கண்ணி. ஒருதடவைகூட நான் நிறுத்தலையே."

அவள் அவன் நெற்றியைத் துடைத்துவிட்டாள். பட்டையைக் கழற்றப் போனவளின் கையை அவன் தடுத்தான்.

"இருக்கட்டும். ஆசையா இருந்தா இன்னொரு தடவை போயிட்டு வா."

அங்கயற்கண்ணி ஒரு நொடி யோசித்தாள். பிறகு கைப்பையிலிருந்து புதிதாக ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து அவன் கையில் திணித்துவிட்டு, வரிசையை நோக்கி ஓடினாள்.