வெள்ளைக் கோட்டுக்கு வெளியே

"ஏம்மா, அந்தக் கதவும் தெரியுதே?"

மேனேஜர் கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமலே கேட்டார். படமெடுக்க வந்தவள் குரலை மாற்றாமல் பதில் சொன்னாள்.

"கண்ணுக்குத் தெரியும் சார், படத்துல வராது. உள்ள வெள்ளைக் கோட்டால ஒரு கட்டம் இருக்கு பாருங்க. அதுக்குள்ள இருக்கறது மட்டுந்தான் ஃபிலிம்ல விழும்."

பதினோரு வருடமாக யார் யாருக்கோ சொல்லிவந்த பதில்தான். இன்றைக்குத்தான் அது பொய்.

அந்தக் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது. மேலே ஓரமாக இருக்கும் சின்ன ஜன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டும். எந்த லென்ஸை மாட்டுகிறோமோ, அதற்கான வெள்ளைக் கட்டம் ஜன்னலுக்குள் தானாக வந்து நிற்கும். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் திருகும் பித்தளை வளையம்தான் இது இன்ன லென்ஸ் என்று கேமராவுக்குச் சொல்வது.

50 என்ற எண்ணுள்ள லென்ஸுக்கான வளையத்தை அவள் அதைவிட அகலமாகப் பிடிக்கும் 35 லென்ஸில் திருகியிருந்தாள்.

ஜன்னலில் தெரியும் கட்டம் சின்னது. லென்ஸ் வாரிக்கொள்ளும் இடம் பெரிது. லென்ஸின் விளிம்பில் பொறித்திருந்த 35 என்ற எண்ணைக் கறுப்பு மை தொட்டு அடைத்துவிட்டுத்தான் இந்தத் தையல் கம்பெனிக்குள் நுழைந்திருந்தாள்.

மேனேஜருக்கு வேண்டியது புதிதாக வெள்ளையடித்த கூடமும் வரிசையாகத் தைக்கும் பெண்களும். வெளிநாட்டில் துணி வாங்குகிறவர்களுக்கு அனுப்ப வேண்டுமாம்.

அவளுக்கு வேண்டியது வலது சுவரில் இருந்த அந்தக் கதவு. ஆபத்துக்கு ஓட வேண்டிய கதவு. அதில் சங்கிலி, சங்கிலியில் பூட்டு.

ஐந்து வாரத்துக்கு முன்னால் இந்தக் கூடத்தில் தீப்பிடித்தபோது அந்தக் கதவு திறந்தேதான் கிடந்தது என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. பெண்கள் பதறிப்போய் வேறு பக்கம் ஓடினார்களாம். நாலு பேர் செத்துப்போய்விட்டார்கள். அவளுடைய தங்கை ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டு கிடக்கிறாள். அதிகாரிகள் வரும் நாளில் மட்டும் சங்கிலி கழன்றுவிடும், மறுநாள் மறுபடி ஏறிவிடும் என்று தங்கைதான் திக்கித் திக்கிச் சொன்னாள்.

"பூட்டினது சாவிக்கொத்துதான் அக்கா."

சாவிக்கொத்து என்பது சூப்பர்வைசருக்குப் பெண்கள் வைத்த பெயர். இடுப்பில் ஒரு கொத்துச் சாவி குலுங்க நடப்பார். அவர் வருகிறார் என்றால் மெஷின்கள் கொஞ்சம் வேகமாக ஓடும்.

இப்போது அந்தச் சத்தம் அவளுக்குப் பின்னால் வந்து நின்றது.

"நானும் ஒரு தடவை பாத்துக்கறேன் சார்."

மேனேஜர் கேமராவை அவரிடம் கொடுத்தார். அவர் இடது கையால் வாங்கினார். ஜன்னலில் கண்ணை வைக்கவில்லை. கேமராவைத் திருப்பி லென்ஸைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

மை ஒதுங்கியது. 35.

வாசல் எங்கே இருக்கிறது, நடுவில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று அவள் கண் தானாகத் தேடியது.

அவர் கேமராவைக் கண்ணில் வைத்தார். லென்ஸின் பக்கத்தில் நகமளவுக்கு ஒரு விசை உண்டு. அதைத் தள்ளினால் மற்ற லென்ஸ்களின் கட்டங்களையும் பார்க்கலாம். கேமரா பிடித்துப் பழகியவரைப்போல அவர் விரல் நேரே அதற்குப் போனது. தள்ளியது.

இப்போது கட்டம் விரிந்திருக்கும். கதவு, சங்கிலி, பூட்டு எல்லாம் கோட்டுக்குள்ளே வந்திருக்கும்.

"என்னய்யா, சரியா இருக்கா?" என்றார் மேனேஜர்.

சூப்பர்வைசர் கேமராவை இறக்கி அவளைப் பார்த்தார். தங்கையின் ஜாடை தன் முகத்தில் அப்படியே எழுதி ஒட்டியிருப்பதுபோல அவளுக்கு இருந்தது.

"சரியா இருக்கு சார்."

கேமராவைத் திருப்பிக் கொடுக்கும்போது, அவளுக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்தார்.

"அந்தக் கதவுச் சாவி மட்டும் என் கொத்துல கிடையாதும்மா. அது சார் மேஜையில இருக்கும்."

அவளுக்குப் புரியவில்லை. ஆழம் பார்க்கிறானா? படத்தை எடுக்க விட்டு, கையும் களவுமாகப் பிடிக்கவா?

அவர் கதவுப் பக்கம் நடந்தார். "வண்டியோட நிழல் விழுது சார், தள்ளிடறேன்" என்று சொல்லிக்கொண்டே, துணி உருளைகள் அடுக்கிய தள்ளுவண்டியைக் கதவின் முன்னாலிருந்து ஒதுக்கினார். பூட்டு முழுதாகத் தெரிந்தது. வண்டியை விட்டுவிட்டு அவர் அங்கேயே நின்றுகொண்டார்.

"அவன் படத்துல விழமாட்டானே?" என்றார் மேனேஜர்.

"விழமாட்டார் சார்." தன் குரல் யாருடையதோபோல அவளுக்குக் கேட்டது.

ஜன்னலுக்குள் பார்த்தாள். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, பூட்டுக்குப் பக்கத்தில், அவர் நேராக அவளைப் பார்த்து நின்றார். வலது கையை விரித்து, தோள்வரைக்கும் உயர்த்தினார்.

நிறுத்து என்கிறாரா? மேனேஜரைக் கூப்பிடப் போகிறாரா?

கை நடுங்கினால் படம் கெடும். மூச்சை அடக்கிக்கொண்டு அழுத்தினாள். இன்னொரு முறை. இன்னொரு முறை.

யாரும் கூப்பிடவில்லை. வாசலில் யாரும் மறிக்கவும் இல்லை. தெருமுனை திரும்பிய பிறகுதான் ஃபிலிமைக் கழற்றிப் பைக்குள் பத்திரப்படுத்தினாள்.

மறுநாள் காலை இருட்டறையில், மருந்துத் தட்டில் கிடந்த தாளில் கூடம் மெல்லத் தெளிந்து வந்தது. முதலில் மெஷின்கள். பிறகு குனிந்த தலைகள். வலது ஓரத்தில் கதவு, சங்கிலி, பூட்டு. கடைசியாக அவருடைய கை.

தாளைத் தூக்கிச் சிவப்பு விளக்கின் பக்கத்தில் பிடித்தாள்.

அவர் நிறுத்தச் சொல்லவில்லை.

உள்ளங்கையின் நடுவில், புதிதாக வெந்து ஆறிய ஒரு தழும்பு. சதுரமாக, மேலே ஒரு வளைவோடு.

பக்கத்தில் தொங்கிய பூட்டின் அதே வடிவம், அதே அளவு.