தூக்கிய கைகள்

சாய்ந்த வெயில் சாப்பாட்டு மேசையில் விழுந்து கிடக்கிறது. மனவளர்ச்சி குன்றியவர்களும் அவர்களுக்குத் துணையிருப்பவர்களும் ஒன்றாய் வாழும் இந்த வீட்டில், திரைச்சீலையின் நிறத்தைக்கூட எல்லோரும் கை தூக்கித்தான் முடிவு செய்வார்கள். "சிங்கம் நேத்து மறுபடியும் கடிச்சிட்டான். ஊருக்கு வெளியில இருக்கற பூட்டு போட்ட விடுதிக்கே அனுப்பிடலாம்னா கை தூக்குங்க," என்கிறார் பொறுப்பாளர், மேசையைப் பார்த்தபடி. தயங்கித் தயங்கி ஒவ்வொரு கையாக எழுகிறது. சிங்கமும் தூக்குகிறான், எல்லோரையும்விட உயரமாக. தலை நரைத்துவிட்டது, நாலு பேர் கை தூக்கினால் தானும் தூக்கிவிடும் வழக்கம் மட்டும் போகவில்லை. முகமெல்லாம் சிரிப்பு. "உன் கை வேணாம்பா, எறக்கு." அவன் இறக்குவதாக இல்லை. இத்தனை வருஷம் அவனைக் குளிப்பாட்டிவிட்ட அக்காவின் கை மட்டும் மடியில் கிடக்கிறது. அவன் கடித்த கை. கட்டுக்குள் விண்விண்ணென்று தெறிக்கிறது. தூக்க மனம் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவன் பார்த்துவிடுகிறான். நாற்காலியைத் தள்ளிவிட்டு மேசையைச் சுற்றி வருகிறான். "அக்கா, தூக்கு." கட்டின் மேல் விரல் படாமல், முழங்கையைத் தாங்கி, நோகாமல் அவள் கையை உயர்த்துகிறான். பொறுப்பாளர் எண்ணி முடிக்கும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கிறான்.