கையுறைக்குச் சிக்காத ஜிப்

"மேடம், உங்க தளத்துலேர்ந்து வர்ற வாசகர்களுக்கு முப்பது சதவீதம் தள்ளுபடி தர்றோம். 'நம்பி வாங்கலாம்'னு மட்டும் எழுதுங்க" என்று குழைந்தார் ஜாக்கெட் கம்பெனி முதலாளி.

பைக் ஓட்டுபவர்களுக்காக இணையதளம் நடத்தும் அவள் மசியவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு ஜாக்கெட்டின் ஜிப்பை இழுத்தாள். அதன் குட்டி நாக்கு பிடிபடாமல் நழுவிக்கொண்டே இருந்தது.

"மழை பிடிச்சா வண்டியை ஓரங்கட்டி, கையுறையைக் கழட்டிட்டுத்தான் ஜிப்பை ஏத்தணுமா? எழுத மாட்டேன் சார்."

"நாப்பது தர்றேன் மேடம்!"

"எவ்வளவு தந்தாலும் ஜிப் இதேதானே?"

"எங்க கம்பெனியோட முதல் ஜாக்கெட் இது. நீங்க கைவிட்டா குடும்பமே நடுத்தெருவுக்கு வந்துடும்."

"ஜிப்பை மாத்திட்டு வாங்க. முதல் பக்கத்துலயே போடறேன்."

அவருக்குப் பொறுக்கவில்லை. "கட்டின புருஷனாச்சேன்னுகூடப் பார்க்க மாட்டியா?"

வேலை நேரத்தில் 'மேடம்', 'சார்'தான் என்று இருவரும் போட்டிருந்த ஒப்பந்தம் அதோடு காற்றில் பறந்தது.

"பார்த்ததாலதாங்க கூப்பிட்டு வச்சு சொல்லிட்டிருக்கேன்" என்றாள் அவள், கையுறையைக் கழற்றியபடி. "வேற கம்பெனியா இருந்தா, இந்நேரம் கிழிச்சு எழுதியே முடிச்சிருப்பேன்."