வாலுக்குப் பின்னால்

வசுமதி தலையைத் திருப்பினால், தலையில் மாட்டிய கருவி திரையிலுள்ள போர்விமானக் காட்சியையும் திருப்பும். இந்தக் கணினி விளையாட்டுக்குப் புதியவள். விபத்துக்குப்பின் கட்டிய கழுத்துப்பட்டையோடு நேராக மட்டுமே பார்த்தாள். ஒவ்வொரு முறையும் சுட்டவனைப் பார்க்கும் முன்பே அவள் விமானம் தீப்பிடித்து விழுந்தது.

"இன்னிக்கும் நேராவே பார்த்துக்கிட்டு சாகப் போறீங்களாக்கா?" எதிராளி ஜோயல் ஹெட்போன் வழியே காதுக்குள் சிரித்தான்.

பட்டையைக் கழற்றலாம் என்று டாக்டர் சொல்லி ஒரு மாதமாகிறது. அவள் கை பட்டைக்குப் போனது.

"கழட்டாத. அப்புறம் ஆஸ்பத்திரிக்கு நான்தான் அலையணும்," என்றார் பின்னால் நின்ற கணவர்.

பிய்த்துக் கட்டிலில் எறிந்தாள். நரம்பு சுண்டி இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மெல்லத் திரும்பினாள், வானமும் திரும்பியது. வாலுக்குப் பின்னால், ஈயளவில், அவன் விமானம்.

கண்ணை எடுக்காமல் தன் விமானத்தை அவன் பக்கம் சாய்த்தாள்.

"இப்பத் தெரியிறடா. வா!"