கோல்கீப்பரை மாற்றிய கோச்

“அந்த ஆளு பேரை மைதானத்து வாசல்ல எழுதினா, நான் இந்தக் கடையை இழுத்து மூடிட்டுப் போயிடுவேன்,” என்றார் சலூன்காரர்.

சொன்ன வேகத்தில் கத்திரிக்கோல் கணக்கு வாத்தியாரின் காதை உரசிக்கொண்டு போனது.

“என் காதை விட்டுட்டுப் பேசுங்க,” என்றார் வாத்தியார்.

சலூன்காரர்தான் ஊர்க் கால்பந்து அணியின் ரசிகர் மன்றத் தலைவர். அவர் வாய்க்கு மைக் தேவையில்லை. போதாக்குறைக்கு, அவர் மாப்பிள்ளை அதே அணியின் கோல்கீப்பர். கேட்கவா வேண்டும்?

‘அந்த ஆளு’ என்று அவர் சொன்னது பழைய கோச்சை. போன சீசன் கோப்பை இறுதி ஆட்டம். கூடுதல் நேரமும் சமனிலேயே முடியப் போகிறது, அடுத்து பெனால்டிதான் என்ற கட்டம். அந்த நேரம் பார்த்து, நன்றாக ஆடிக்கொண்டிருந்த மாப்பிள்ளையை வெளியே கூப்பிட்டு, பெஞ்சில் இருந்த இன்னொருவரைக் கோலில் நிறுத்தினார் கோச். வந்தவர் ஒரு பந்தைக்கூடப் பிடிக்கவில்லை. கோப்பை கைவிட்டுப் போனது.

ஏன் மாற்றினீர்கள் என்று பத்திரிகைக்காரர்கள் துளைத்து எடுத்தார்கள். “எனக்குத் தோணிச்சு, மாத்தினேன். தப்பு என்னுது,” என்றார். அதற்கு மேல் வாயே திறக்கவில்லை.

அந்த வாரமே அவர் வீட்டு வாசலில் கூட்டம், கூச்சல். முன்னால் நின்று கோஷம் போட்டது யார் என்று சொல்லத் தேவையில்லை. மனிதர் ராஜினாமா செய்துவிட்டு, குடும்பத்தோடு வேறு ஊருக்கே போய்விட்டார்.

இப்போது மைதான வாசலுக்கு அவர் பெயரை வைக்கலாம் என்று கிளப்பில் சிலர் கிளம்பியிருக்கிறார்கள். சாயங்காலம் கூட்டம். கைதூக்கி முடிவு செய்யப் போகிறார்கள்.

“அவர் வர்றதுக்கு முன்னாடி நம்ம டீம் எந்த லட்சணத்துல இருந்துச்சு?” என்றார் வாத்தியார். “ஜெயிச்சோம்னு சொன்னா, பேப்பர்காரங்க நம்பாம திருப்பி ஃபோன் போட்டுக் கேப்பாங்க. அந்த டீமை இறுதி ஆட்டம் வரைக்கும் கொண்டு வந்தவருங்க.”

பெஞ்சில் காத்திருந்த லாரி டிரைவர் விடவில்லை. “கொண்டு வந்தார், சரி. பாதியில விட்டுட்டு ஓடினாரே, அது என்ன நியாயம்? தப்பு பண்ணினா நின்னு பதில் சொல்லணும்.”

“நின்னா விட்டிருப்பீங்களா?”

“பொறாமை சார்,” என்று குறுக்கே புகுந்தார் சலூன்காரர். “ஜெயிச்சா என் மாப்பிள்ளைக்குப் பேர் வந்துடும்னு பொறாமை. வேற என்ன?”

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு மாப்பிள்ளையே உள்ளே வந்தார். ஆறடி உயரம். அதிர்ந்து பேசத் தெரியாது.

“வாங்க மாப்பிள்ளை, நூறு ஆயுசு உங்களுக்கு,” என்று சலூன்காரர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். “சாயங்காலம் நீங்க மேடை ஏறி ரெண்டே வார்த்தை சொல்லணும். அந்த ஆளு உங்களை எப்படி ஏமாத்தினார்னு நீங்களே சொல்லிட்டா, ஒரு கைகூடத் தூக்க மாட்டாங்க.”

“அதுக்குத்தான் வந்தேன், மாமா. சொல்லத்தான் போறேன். உங்களுக்கு முதல்ல சொல்லிடணும்னு தோணிச்சு.”

“சொல்லுங்க, சொல்லுங்க. இவங்களும் கேக்கட்டும்.”

மாப்பிள்ளை கண்ணாடியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். “அவரா என்னை மாத்தல. மாத்திடுங்கன்னு நான்தான் கெஞ்சினேன்.”

கத்திரிக்கோல் சத்தம் நின்றது.

“என்ன சொல்றீங்க மாப்பிள்ளை? கால்ல அடியா?”

“அடியெல்லாம் இல்ல. பயம். கூடுதல் நேரத்து இடைவேளையில தண்ணி குடிக்க வந்தப்போ கை நடுங்குது. பாட்டிலைக்கூடப் பிடிக்க முடியல. என்னால பெனால்டிக்கு நிக்க முடியாது சார்னு சொல்லிட்டேன்.”

“இதை ஏன் யாருமே சொல்லல?” என்றார் டிரைவர்.

“நான் சொல்றேன்னுதான் சொன்னேன். அவர் விடல. பயந்த கோல்கீப்பர்னு ஒருதடவை பேர் வந்துட்டா அதோட உன் கதை முடிஞ்சுது, பேசாம இருன்னு வாயை அடைச்சுட்டார்.”

அந்த வீட்டு வாசலில், ஜன்னலுக்குப் பின்னால் கோச்சின் மனைவி நின்றுகொண்டிருக்க, தான் தொண்டை கிழியக் கத்தியது சலூன்காரர் காதிலேயே கேட்டது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஆற்றாமை விடவில்லை.

“எத்தனை மேட்ச் ஆடியிருக்கீங்க மாப்பிள்ளை. அந்தக் கூட்டத்தைப் பார்த்தா பயந்தீங்க?”

“கூட்டத்துக்கு இல்ல, மாமா. கோலுக்குப் பின்னாடி முதல் வரிசையில உட்கார்ந்திருந்த உங்களுக்கு.”

வாத்தியார் கழுத்துத் துணியோடு அப்படியே திரும்பிப் பார்த்தார்.

“அதுக்கு முந்தின வருஷம் பெனால்டியில ரெண்டு விட்டேன். ஒரு மாசம் நீங்க என் முகத்தைப் பார்த்துப் பேசல. பந்தைப் பிடிக்கத் தெரியாத கையிலயா உன்னைப் பிடிச்சுக் கொடுத்தேன்னு உங்க பொண்ணுகிட்ட கேட்டீங்க. நான் பக்கத்து ரூம்லதான் இருந்தேன். இதையும் அவர்கிட்ட அன்னைக்குச் சொல்லிட்டேன்.”

சலூன்காரர் கத்திரிக்கோலைக் கீழே வைத்தார். “அதுக்கு அவர் என்ன சொன்னார்?”

“சிரிச்சார், மாமா. ‘உன் மாமனார் என்னைத் திட்டினா நான் ஊரை விட்டே போயிடலாம், நீ எங்கேப்பா போவே?’ன்னு கேட்டார்.”